கடவுள் நம்மோடு இருக்க ஆசைப்படுகிறார்: அவரோடு தினமும் பழகுவது எப்படி

ஜெபிக்க உட்கார்ந்தால் பேச்சு வரவில்லை, ஐந்து நிமிஷத்துக்குள் மனசு கேஸ் புக்கிங், பிள்ளைகளின் ஃபீஸ் என்று ஓடிவிடுகிறது, பைபிளைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்று சபையில் நிறையப் பேர் சொல்வார்கள், அதுவும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர்களே சொல்வார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை. கடவுளை எப்படியாவது நம் பக்கம் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும், அதற்கான முயற்சி முழுக்க நம்முடையது என்ற நினைப்போடு உட்காருகிறோம், அங்கேதான் சிக்கல். பைபிளை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள், தேடிக்கொண்டு முதலில் வருகிறவர் அவர்தான். இது மனசில் இறங்கினால் ஜெபத்தின் பாதிப் பாரம் குறைந்துவிடும். அதனால் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அவருடைய ஆசையை நம்புங்கள்

ஆதியாகமம் 3-ஆம் அதிகாரம். விலக்கப்பட்ட கனியைத் தின்றுவிட்டு ஆதாமும் ஏவாளும் மரங்களுக்குள்ளே ஒளிந்திருக்கிறார்கள். பகலின் குளிர்ச்சியான வேளையில் தோட்டத்தில் உலாவுகிற கடவுள், "நீ எங்கே இருக்கிறாய்" என்று கூப்பிடுகிறார். எல்லாம் தெரிந்தவருக்கு அவன் எந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிறான் என்று தெரியாதா? தண்டிப்பது மட்டும்தான் எண்ணம் என்றால் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லையே. அவன் பதில் பேசவேண்டும், வெளியே வரவேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்வி அது. மனிதன் ஒளிந்துகொண்ட முதல் நாளிலேயே கடவுள் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்து யாத்திராகமம். செங்கடலைக் கடந்து பத்துக் கட்டளை வாங்குகிற வரை விறுவிறுப்பாக வாசித்துக்கொண்டு வருகிறவர்கள், 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் ஆரம்பித்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். சீத்திம் மரப் பலகை இத்தனை முழம், ஆட்டுமயிர் மூடுதிரை இத்தனை என்று அதிகாரம் அதிகாரமாகப் போகும். ஆனால் அது எல்லாவற்றுக்கும் காரணம் 25:8-இல் இருக்கிறது: "அவர்கள் நடுவிலே நான் வாசம்பண்ண, எனக்கு ஒரு பரிசுத்த ஸ்தலத்தை உண்டாக்குவார்களாக." ஜனங்கள் வனாந்தரத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார்கள், கடவுளும் அவர்கள் நடுவிலே தமக்கு ஒரு கூடாரம் கேட்கிறார். அவர்கள் புறப்படும்போது அதுவும் கூடவே புறப்படும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த அதிகாரங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இயேசுவிடம் வந்தால் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார், எதற்காக? பிரசங்கம் பண்ண, பிசாசுகளைத் துரத்த என்பதெல்லாம் பிறகு வருகிறது. மாற்கு 3:14 முதலில் சொல்வது, "தம்மோடுகூட இருக்கவும்" என்பதைத்தான். கடைசி இராப்போஜனத்தில், நான் பாடுபடுவதற்கு முன்னே உங்களோடுகூட இந்தப் பஸ்காவைப் புசிக்க மிகவும் ஆசையாயிருந்தேன் என்கிறார். அன்றைக்கு இரவே கெத்செமனேயில் மூன்று பேரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், என்னோடுகூட விழித்திருங்கள் என்று கேட்கிறார். தம்முடைய மிகக் கடினமான நேரத்தில் மீனவ நண்பர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது. யோவான் 17:24-இல் பிதாவிடமே, நான் இருக்கிற இடத்தில் இவர்களும் என்னுடனேகூட இருக்க விரும்புகிறேன் என்று ஜெபிக்கிறார்.

அப்படியானால் கடவுள் தனிமையில் வாடுகிறாரா, நாம் இல்லாமல் அவருக்கு ஏதாவது குறையா என்று கேட்பார்கள். இல்லை. உலகம் உண்டாகும் முன்பே பிதா குமாரனை நேசித்தார் என்று அதே வசனத்திலேயே இருக்கிறது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று சங்கீதம் 50 சொல்கிறது. ஒரு குறையும் இல்லாதவர் நம்மை விரும்புகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் நாம் பிரயோஜனப்படாமல் போனால் அந்த விருப்பம் தீர்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

சரி, இப்போது செய்யவேண்டியது. நாளைக்கு ஜெபிக்க உட்காரும்போது உடனே பேச ஆரம்பிக்காதீர்கள். ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். அவர் ஏற்கெனவே இங்கே இருக்கிறார், நான் வரவேண்டும் என்று என்னைவிட அவருக்கு ஆசை அதிகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் "வந்துவிட்டேன், ஆண்டவரே" என்று மட்டும் சொல்லுங்கள். சில நாட்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை.

நேரமும் இடமும்

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்று யாராவது உங்களை மிரட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார், உண்மைதான், முடிந்தவர்கள் அப்படிச் செய்வது நல்லது. ஆனால் ஈசாக்கு சாயங்காலத்தில் வயல்வெளிக்குப் போய் தியானம் பண்ணினான், தாவீது படுக்கையில் கிடந்து இராச்சாமங்களில் கடவுளை நினைத்தான், தானியேல் நாளுக்கு மூன்று வேளை. நைட் ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு அதிகாலை என்பது எது? உங்கள் நாளில் தலை கொஞ்சம் தெளிவாக இருக்கிற நேரம் எதுவோ அதைக் கொடுங்கள். மிச்சம் மீதி நேரத்தைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் 15 நிமிஷம் போதும்.

இடம் என்பது நம் ஊரில் பெரிய பிரச்சினை. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று மத்தேயு 6:6 சொல்கிறது, ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் எந்தக் கதவைப் பூட்டுவது? இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர், பல பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். ஜெபிக்க வேண்டுமென்றால் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுக்கொள்வாராம், அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம். நம் அம்மாக்கள் முக்காடு போட்டுக்கொண்டு அடுப்பங்கரை மூலையில் உட்காருகிறார்களே, அதுவும் பூட்டிய கதவுதான். மொட்டை மாடி, ஆளில்லாத நேரத்துச் சர்ச், வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே பத்து நிமிஷம், எதுவும் ஆகும். போனை மட்டும் வேறு இடத்தில் வையுங்கள். பைபிள் ஆப்பில்தான் வாசிப்பீர்கள் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் சத்தம் ஒன்று வந்தாலே அந்த நேரம் போயிற்று.

வாசிப்பது: அவசரப்படாமல், அவரைப் பார்ப்பதற்காக

பைபிளில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன, தினமும் மூன்று நாலு அதிகாரம் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம். அது நல்ல பழக்கம், வேத அறிவுக்கு அது வேண்டும். ஆனால் நெருக்கமாகப் பழக வேண்டும் என்றால் அந்த வேகம் உதவாது. சின்னப் பகுதி ஒன்றை எடுத்து மூன்று தரம் வாசியுங்கள், ஒரு தரமாவது வாய்விட்டு. வாசிக்கும்போது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் இயேசு என்ன செய்கிறார், அவருக்கு என்ன வேண்டும்?

ஒரு உதாரணத்தைச் சேர்ந்து பார்க்கலாம். யோவான் 21, முதல் 14 வசனங்கள். உயிர்த்தெழுந்த பிறகு நடப்பது. சீஷர்கள் ஏழு பேர் திபேரியா கடலில் இராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் அகப்படாமல் விடியற்காலையில் கரைப்பக்கம் வருகிறார்கள். கரையில் ஒருவர் நின்றுகொண்டு, பிள்ளைகளே, புசிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறார்கள். வலதுபுறம் வலையைப் போடச் சொல்கிறார், இழுக்க முடியாத அளவுக்கு மீன். யோவானுக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிடுகிறது, பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துவிடுகிறான். கரைக்கு வந்து பார்த்தால் கரிநெருப்பு போட்டிருக்கிறது, அதன்மேல் மீன் இருக்கிறது, அப்பமும் இருக்கிறது.

இங்கே நிறுத்துங்கள். மரணத்தை ஜெயித்தவர் விடியற்காலையில் கரையில் அடுப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஏற்கெனவே மீன் இருக்கிறது, அப்படியும் நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்கிறார். வலையில் 153 பெரிய மீன்கள், அவர் கொடுத்ததுதான், ஆனாலும் அதை அவர்களுடைய மீன் என்றே சொல்கிறார். அப்புறம், வாருங்கள், சாப்பிடுங்கள் என்று தம் கையாலேயே அப்பத்தையும் மீனையும் எடுத்துக் கொடுக்கிறார்.

இன்னொன்று. சில நாட்களுக்கு முன் பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் இப்படி ஒரு கரிநெருப்புக்குப் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோதுதான் பேதுரு அவரைத் தெரியாது என்றான். அதைப்பற்றிப் பேசவேண்டியது இருக்கிறது, மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கத்தான் போகிறார். ஆனால் முதலில் சாப்பாடு. அவன் வயிறு நிறைந்த பிறகுதான் கேள்வி.

இப்படி வாசித்தபின் பைபிளை மூடிவிட்டு, பார்த்ததைப்பற்றி அவரிடமே சொல்லுங்கள். "ஆண்டவரே, நான் தவறு செய்த நாளில் உங்கள் பக்கம் வரவே பயப்படுகிறேன், நீங்கள் அடுப்பு மூட்டி வைத்திருக்கிறீர்களே" என்று வந்தால் அது போதும், அன்றைய ஜெபம் அதுதான்.

பேசுவது: வீட்டில் பேசுகிற மாதிரி

சபையில் ஜெபிக்கும்போது மகா பரிசுத்தமும் கிருபையும் நிறைந்த பரலோக பிதாவே என்று தொடங்குகிறோம், அது பொது ஆராதனைக்கு அழகாகத்தான் இருக்கிறது. தனியாக இருக்கும்போது அந்த நடை தடையாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீர், உம்மை என்று வந்தால் அப்படிப் பேசுங்கள், "அப்பா, நீங்க" என்று வந்தால் அப்படியும் பேசலாம், மரியாதை குறையாமல் இருந்தால் சரி. ஊருக்குப் போன மகன் பணம் வேண்டும்போது மட்டும் போன் பண்ணினால் அம்மா பணத்தை அனுப்புவாள், ஆனால் அவளுக்கு வேண்டியது அந்தப் பேச்சு இல்லை. அன்றைக்கு என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான் என்று அவன் சொன்னால்தான் அவளுக்கு நிறைவு. விண்ணப்பங்களை வையுங்கள், கூடவே உங்கள் நாளையும் சொல்லுங்கள். ஆபீசில் மேனேஜர் பேசியது எரிச்சலாக இருக்கிறது, நாத்தனார் வந்து போனதிலிருந்து மனசு சரியில்லை, மழை வந்தது சந்தோஷமாக இருந்தது, எதையும்.

மனசு அலைகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. அலைகிற இடத்தையே ஜெபமாக்கிவிடுங்கள். ஃபீஸ் ஞாபகம் வந்தால், கவனம் சிதறிவிட்டதே என்று உங்களைத் திட்டிக்கொள்ளாமல் "ஆமாம் ஆண்டவரே, இந்த ஃபீஸ், பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். மனசு எங்கே போகிறதோ அங்கேதான் உங்கள் பாரம் இருக்கிறது.

கோபம் இருந்தால் அதையும் சொல்லலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 ஆரம்பிக்கிறது, சங்கீதம் 88 ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது, இரண்டும் பைபிளுக்குள்தான் இருக்கின்றன. அழிவு வரவிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்து வரைக்கும் பேரம் பேசினான், கடவுள் ஒரு தரம்கூட எரிச்சல்படவில்லை. அந்தப் பேச்சுக்கு முன்னால், நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ என்று அவரே சொல்லித்தான் விஷயத்தைத் திறந்தார்.

கேட்பது, அதில் கவனமும்

பேசி முடித்ததும் உடனே எழுந்து போய்விடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் அமைதியாக இருங்கள். பெரும்பாலும் ஒன்றும் கேட்காது, அது தோல்வி இல்லை, சேர்ந்து சும்மா இருப்பதும் பழக்கத்தின் ஒரு பகுதி. சில நேரம் வாசித்த வசனம் ஒன்று மனசில் நிற்கும், யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும். தோன்றினால் அன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மனசில் தோன்றுவதெல்லாம் கடவுளுடைய குரல் கிடையாது. கல்யாணம், வேலை, பெரிய பணம் போன்ற விஷயங்களில் "கர்த்தர் என்னிடம் பேசினார்" என்று தனியாக முடிவு எடுக்காதீர்கள், வேதத்தோடு ஒத்துப்பார்த்து, உங்களை நன்றாகத் தெரிந்த விசுவாசிகள் இரண்டு பேரிடமாவது கேளுங்கள். அதேபோல, இவ்வளவு காணிக்கை அனுப்பினால் கடவுளுக்கு நெருக்கமாவாய் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இலவசமாகத் தேடி வருகிறவரைச் சந்திக்க டிக்கெட் விற்க எவருக்கும் உரிமை இல்லை, இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

நாள் முழுக்கக் கூட வைத்துக்கொள்வது

பதினைந்து நிமிஷத்தோடு அவரை அறையிலேயே விட்டுவிட்டு வந்தால் அது நட்பாகாது. பிரான்ஸ் நாட்டில் 17-ஆம் நூற்றாண்டில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போர்வீரராக இருந்து காயப்பட்டு, பிறகு பாரிசில் கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தவர். அவருக்குக் கிடைத்த வேலை சமையல், அதுவும் அவருக்குப் பிடிக்காத வேலை. வருஷக்கணக்காகப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் நின்றே கடவுளோடு பேசிப் பழகினார். கடைசியில் அவருக்கு ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்ற வித்தியாசமே இல்லாமல் போயிற்று. அவர் எழுதிய சில கடிதங்களும் அவரோடு மற்றவர்கள் பேசிக் குறித்துவைத்ததும் 1691-இல் அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தன.

அதே வழி நமக்கும் ஆகும். குக்கர் விசில் வரும் வரை நிற்கிற நேரம், பஸ் வராத நேரம், லிஃப்டுக்குள், பில் போடுகிற வரிசையில், ஒரே ஒரு வாக்கியம். "ஆண்டவரே, இந்த மீட்டிங்கில் கூட இருங்கள்." "நன்றி அப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது." தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையோடு இதை இணைத்துக்கொண்டால் மறக்காது, செருப்பு மாட்டும்போதெல்லாம் ஒரு வார்த்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனை தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம், பாத்திரம் கழுவும்போது ஒரு பல்லவி வாயில் ஓடினாலே பாதி வேலை முடிந்தது.

வறண்டு போகும் நாட்கள்

எல்லோருக்கும் வரும். காரணம் இரண்டு மூன்று இருக்கலாம். ஏதோ ஒரு பாவத்தை மறைத்துக்கொண்டிருந்தால் ஆதாம் மாதிரி நாம்தான் மரத்துக்குப் பின்னால் இருக்கிறோம், பேரைச் சொல்லி அறிக்கையிட்டுவிட்டு வெளியே வருவதுதான் வழி, தள்ளிப்போடப் போட அது கடினமாகும்.

சில நேரம் பாவம் ஒன்றும் இருக்காது, உடம்பு ஓய்ந்திருக்கும். எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி, அடுத்து ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கடவுள் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னார். மெல்லிய சத்தத்தில் பேசினது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். எனவே ஒரு வாரம் சரியாகத் தூங்காமல் ஜெபம் வரவில்லை என்றால் முதலில் தூங்குங்கள். பல வாரமாக எதிலும் பிடிப்பில்லை, அழுகையாக வருகிறது, சாகலாம் போல இருக்கிறது என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள், பாஸ்டரிடம் ஜெபத்துக்கும் கேளுங்கள். டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

காரணமே தெரியாமலும் வறட்சி வரும். அப்போது சொந்த வார்த்தையைத் தேடாமல் சங்கீதம் ஒன்றை வாசித்து ஆமென் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8 சொல்கிறது, நம்மால் முடியாத நாட்களை அவர் பார்த்துக்கொள்வார்.

தனியாகவே இதையெல்லாம் செய்யவும் முடியாது. மாதம் ஒரு முறையோ வாரம் ஒரு முறையோ உங்கள் சபையில் திருவிருந்து இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள், அவர் ஆசைப்பட்டுக் கூப்பிட்ட பந்தி அது. பசித்தவனுக்குக் கொடுத்தது எனக்குக் கொடுத்தது என்று அவர் சொல்லியிருப்பதால், பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிற பாட்டியைப் போய்ப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுதான்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் யோவான் சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 21 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று, அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் மேலே சொன்ன மாதிரி மூன்று தரம். கூடவே ஒரு பழைய நோட்டு, தேதி போட்டு அவரிடம் சொன்னதில் ஒரு வரி. நடுவில் ஒரு நாள் தவறிப்போனால், விட்டதையும் சேர்த்து மறுநாள் இரண்டு அதிகாரம் வாசித்துக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம். விட்ட அதிகாரத்தைத் திறந்து, "வந்துவிட்டேன்" என்று சொல்லி உட்காருங்கள்.